மோரா, முட்டையா, ‘இன்னொரு கட்டிங்’கா?

கேள்வி: என் கணவருக்கு வயது 43. தினமும் குடிக்கிறவர் இல்லை. கல்யாணம், காதுகுத்து என்று வந்தால் மட்டும்தான். போன மாதம் கொழுந்தனார் கல்யாணத்துக்கு முந்தின இரவு மண்டபத்து மாடியில் நண்பர்களோடு 9 மணிக்கு உட்கார்ந்தவர் 1 மணிக்குத்தான் இறங்கி வந்தார். பிராந்தி, ஒரு குவார்ட்டரும் இன்னொன்றில் பாதியும் என்று பிறகு சொன்னார். சாப்பிடாமலே படுத்துவிட்டார். விடிகாலையில் வாந்தி, தலைவலி, கை நடுக்கம், பனியன் நனைகிற அளவுக்கு வேர்வை. மாமியார் உப்புத் தண்ணீர் கொடுத்து மறுபடியும் வாந்தி எடுக்க வைத்தார். சித்தப்பா கடுங்காப்பி என்றார். என் அண்ணன் ‘இன்னொரு கட்டிங் போட்டால் சரியாகிவிடும்’ என்றான். நான் தலைவலிக்கு ஒரு மாத்திரையும், வழக்கமாகப் போடும் சுகர் மாத்திரையும் கொடுத்தேன். 7 மணிக்கு அவரே கார் ஓட்டிப் போய் ரயிலில் வந்த விருந்தாளிகளை அழைத்து வந்தார். அடுத்த மாதம் குலதெய்வக் கோயிலில் எங்கள் பையனுக்குக் காதுகுத்து, கிடாவெட்டு. என்ன கொடுத்தால் மறுநாள் எழுந்து நிற்பார்? தயவுசெய்து ‘நிறுத்தச் சொல்லுங்கள்’ என்று மட்டும் பதில் எழுதாதீர்கள். அதை நான் 16 வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.
– ஒரு வாசகி, தேனி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்தச் சொல்லி எழுதவில்லை. 16 வருஷமாக நீங்கள் சொல்லி நடக்காதது என்னுடைய ஒரு பக்கத்தால் நடந்துவிடாது.

உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது சிரிப்புதான் வந்தது. ஒரு நோயாளி, நான்கு வைத்தியர்கள், அதுவும் முகூர்த்த நேரத்தில். இரண்டாம் தடவை படித்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன். ‘வழக்கமாகப் போடும் சுகர் மாத்திரையும் கொடுத்தேன்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மோரும் முட்டையும் அப்புறம். இதை முதலில் பேசிவிடுவோம்.

ராத்திரி முழுக்க நாம் பட்டினியாகத்தான் கிடக்கிறோம். அப்போது ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடாமல் காப்பது கல்லீரல். சேமித்து வைத்ததை எடுத்துக் கொடுக்கும், தீர்ந்தால் புதிதாகத் தயாரிக்கும். மது உள்ளே வந்துவிட்டால் அதை எரித்துத் தள்ளுகிற வேலைதான் கல்லீரலுக்கு முதல் வேலையாகிவிடும், சர்க்கரை தயாரிப்பு படுத்துவிடும். உங்கள் கணவர் இரவு சாப்பிடவும் இல்லை, காலையில் வாந்தி வேறு. இந்த நிலைமையில் கிளிமெபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை போட்டாலோ, இன்சுலின் போட்டாலோ, இருக்கிற கொஞ்சநஞ்ச சர்க்கரையும் இறங்கும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை அவ்வளவாகத் தாழாது. ஆனால் அதிகக் குடியோடும் வாந்தியோடும் சேர்ந்தால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடும் அபாயம் அதற்கு உண்டு. நம் ஊரில் நிறையப் பேர் போடுவது இந்த இரண்டு வகையும் சேர்ந்த ஒரே மாத்திரைதான். அட்டையைத் திருப்பிப் பெயரைப் பாருங்கள்.

கை நடுக்கம், பனியனை நனைத்த வேர்வை, தலைவலி என்று எழுதியிருக்கிறீர்கள். குடித்த மறுநாள் வரும் ஹேங்ஓவரிலும் இதெல்லாம் வரும். சர்க்கரை தாழ்ந்தாலும் இதேதான் வரும். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க என்னாலும் முடியாது. பயிற்சி மருத்துவராக இருந்தபோது, ‘நேத்து கோயில் கொடையில நல்ல மப்பு, தெளியட்டும்’ என்று சொந்தக்காரர்கள் ஓரமாகப் படுக்க வைத்திருந்த ஒருவருக்கு விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 38. நரம்பில் குளுக்கோஸ் போன சில நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்து ‘என் செருப்பு எங்கே’ என்று கேட்டார். அன்றிலிருந்து, குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்று யாரைக் கொண்டுவந்தாலும் நான் முதலில் செய்வது விரலில் குத்துவதுதான்.

நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் காலையில் முதல் வேலையாகப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். ஏறியதும் இட்லியோ சோறோ சாப்பிட வேண்டும். மீட்டர் இல்லாவிட்டால் சந்தேகத்தின் பேரில் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள். ஒரு வேளை சர்க்கரை கூடினால் சரிசெய்துகொள்ளலாம், தாழ்ந்தால் மூளை காத்திருக்காது. கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாத ஆளின் வாயில் மட்டும் எதையும் ஊற்றக்கூடாது, நேராக 108தான். சாப்பிட முடியாமல் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் காலையில் அந்த மாத்திரையைப் போடலாமா, அளவைக் குறைக்கலாமா என்பதை அவருடைய சுகர் டாக்டரிடம் காதுகுத்துக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குடிப்பதைச் சொல்ல வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். எங்களுக்கு அது ஒன்றும் அதிர்ச்சி இல்லை.

சரி, இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

டாஸ்மாக் பிராந்தி, ரம், விஸ்கி எல்லாமே பெரும்பாலும் 42.8 சதவீதம் ஆல்கஹால். ஒரு குவார்ட்டர் 180 மி.லி. அதில் சுத்த ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம். உங்கள் கணவர் குடித்த ஒன்றரைக் குவார்ட்டரில் 90 கிராம் இருக்கும். சராசரி ஆளின் கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 9 முதல் 13 மணி நேரம். இரவு 9 மணிக்கு ஆரம்பித்தவருக்கு எல்லாம் வெளியேற விடிகாலை 6 மணியும் ஆகலாம், காலை 10 மணியும் ஆகலாம். மோரோ காப்பியோ குளிர்ந்த தண்ணீரோ இந்த வேகத்தைக் கூட்டாது. எலுமிச்சம்பழத்தைத் தலையில் தேய்த்தாலும் கூட்டாது, பிழிந்து குடித்தாலும் கூட்டாது. அரசாங்க ஆபீஸில் டோக்கன் போட்ட மாதிரி, கல்லீரல் தன் வேகத்தில் ஒவ்வொன்றாகத்தான் கூப்பிடும்.

இதனால்தான் 7 மணிக்கு அவர் கார் எடுத்தது எனக்குப் பயமாக இருக்கிறது. நம் மோட்டார் வாகனச் சட்டப்படி 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். தூங்கி எழுந்துவிட்டோம், பல் விளக்கிவிட்டோம் என்பதால் அந்த அளவு இறங்கிவிடாது. அவர் குடித்த அளவுக்கு அன்று காலை 7 மணிக்கு அதைத் தாண்டியே இருந்திருக்கலாம். ஒருவேளை இறங்கியிருந்தாலும், தூக்கம் கெட்டு தலை கனத்து ஓட்டுகிற கை நிதானமான கை இல்லை.

இன்னொரு வேடிக்கை. ஹேங்ஓவர் உச்சத்துக்குப் போவது போதை ஏறியிருக்கும்போது இல்லை, ரத்தத்தில் ஆல்கஹால் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு வரும்போதுதான். உடம்பில் தண்ணீர் வற்றுவது மட்டும்தான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை மது அடக்கிவிடுவதால் நிறைய சிறுநீர் போவது உண்மைதான். வாய் வறட்சியும் தாகமும் அதனால் வருபவை. ஆனால் அதோடு இரைப்பை புண்பட்டிருக்கிறது, தூக்கத்தின் பின்பாதி கலைந்திருக்கிறது, மது உடைந்து உண்டான அசிட்டால்டிஹைடு தன் பங்குக்கு வேலை காட்டியிருக்கிறது, உடம்பெங்கும் ஒரு அழற்சி, அடக்கி வைத்த நரம்புகள் துள்ளி எழுந்து படபடப்பு. இத்தனை காரணம் இருக்கிற ஒன்றுக்கு ஒரு டம்ளர் மருந்து எப்படி இருக்கும்? 2005இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பு, ஹேங்ஓவரைத் தடுக்கவோ தீர்க்கவோ வல்லது என்று நம்பத்தக்க ஆதாரம் எதற்குமே இல்லை என்றது. 2022இல் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்காரர்கள் 21 சோதனைகளை எடுத்து அலசினார்கள். கிராம்புச் சாறு, கொரிய பேரிக்காய் ஜூஸ், சிவப்பு ஜின்செங் என்று என்னென்னவோ அதில் இருந்தது. கடைசியில் ஆதாரத்தின் தரம் மிகக் குறைவு என்றுதான் எழுதினார்கள். (அவர்கள் பார்த்தது கிராம்பின் சாரத்தை. அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து வாயில் போடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

உங்கள் வீட்டு நான்கு வைத்தியர்களில் என்னிடம் அதிகம் திட்டு வாங்கப்போகிறவர் மாமியார். மன்னிக்கச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் பழக்கத்தை விட்டே ஆக வேண்டும். விடிகாலைக்குள் குடித்ததெல்லாம் ரத்தத்துக்குப் போயிருக்கும். வாந்தியில் வருவது பித்தநீரும் மிச்சத் தண்ணீரும்தான். அரைமயக்கத்தில் இருப்பவர் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும். குடியால் நேரும் சாவுகளில் இப்படிப் போவதும் ஒன்று. உப்பு அதிகமாகக் கரைத்துக் கொடுத்து, ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வந்தவர்களும் உண்டு.

சித்தப்பாவின் காப்பி போதையைத் தெளிய வைக்காது. தூக்கக் கலக்கத்தை மட்டும் விரட்டி, தெளிந்துவிட்டோம் என்கிற நம்பிக்கையைக் கொடுக்கும். அது கார் சாவியைத் தேடவைக்கும் நம்பிக்கை. தினமும் காலையில் காப்பி குடிக்கிறவர் என்றால் அது கிடைக்காததாலும் தலை வலிக்கும், அதற்காக அரை டம்ளர் கொடுங்கள். பாலில்லாத கடுங்காப்பியை வெறும் வயிற்றில் வேண்டாம்.

தலைவலி மாத்திரை. நீங்கள் கொடுத்தது பாராசிட்டமாலா வேறு எதுவுமா என்று எழுதவில்லை. இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எல்லாம் ஏற்கெனவே புண்பட்ட இரைப்பையில் இன்னும் கீறும், ரத்தக் கசிவு வரை போகும். பாராசிட்டமால் இரைப்பையை விட்டுவிட்டுக் கல்லீரலைப் பிடிக்கும். எப்போதாவது குடிக்கிற ஒருவர் 500 மி.கி.யில் ஒன்று போட்டால் ஆபத்து குறைவு. தினமும் குடிக்கிறவர், பட்டினி கிடப்பவர், ஒன்று கேட்கவில்லை என்று மூன்று நான்கு போடுகிறவர்களுக்குத்தான் அது விஷமாகிறது. பொறுக்கவே முடியாவிட்டால் ஏதாவது சாப்பிட்ட பிறகு, மதியத்துக்கு மேல், ஒரே ஒன்று.

உங்கள் அண்ணன் சொன்ன ‘இன்னொரு கட்டிங்’கில் ஒரு துளி விஞ்ஞானம் இருக்கிறது, அதனால்தான் இந்த வைத்தியம் தலைமுறை தலைமுறையாகச் சாகாமல் இருக்கிறது. போட்டதும் நடுக்கமும் படபடப்பும் அடங்கிவிடும். ஆனால் அது வட்டிக்கு வாங்கி வட்டி கட்டுகிற கதை. டோக்கன் வரிசையில் இன்னும் 30 கிராம் போய் நிற்கும், மதியம் வரவேண்டிய தலைவலி சாயங்காலம் வரும். இன்னொன்றையும் கவனியுங்கள். விசேஷம் எதுவும் இல்லாத நாளிலும் காலையில் கை நடுங்கி, ஒரு வாய் குடித்தால்தான் நிற்கிறது என்றால் அது ஹேங்ஓவரே இல்லை. உடம்பு மதுவுக்குப் பழகிவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்டவர் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரலாம். அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவில் வைத்து மருந்தோடுதான் நிறுத்த வேண்டும். 14446 என்ற இலவச எண்ணில் யோசனை கேட்கலாம். உங்கள் கணவருக்கு இது பொருந்துமா என்று எனக்குத் தெரியாது. ஆவணியில் ஒரு மாதத்துக்கு எத்தனை முகூர்த்தம் வருகிறது என்று எண்ணிப் பார்த்தால் உங்களுக்குத் தெரியும்.

‘டாக்டர், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிடுங்க, பந்திக்குப் போகணும்’ என்று என் கிளினிக்குக்கே மாப்பிள்ளைத் தோழர்கள் வந்திருக்கிறார்கள். வாயால் குடிக்க முடிகிறவருக்கு நரம்பில் ஏற்றுவதால் ஒரு நிமிஷம்கூட முன்னால் தெளியாது. நெடுநாள் குடிகாரர்களுக்குத் தயாமின் என்கிற பி1 வைட்டமின் குறைந்திருக்கும், அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கவும் வாய்ப்பு உண்டு.

அப்படியானால் சாப்பாட்டுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. ஆனால் அதன் பெரிய வேலை மறுநாள் காலையில் இல்லை, முந்தின நாள் இரவு 8 மணிக்கு. மது பெரும்பாலும் சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. வயிற்றில் சோறு இருந்தால் இரைப்பை தன் வாசலைச் சாத்திவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கீழே விடும். போதையின் உச்சம் தாழ்ந்துவிடும். ஒரு கரண்டி நெய்யை விழுங்கிவிட்டு உட்கார்ந்தால் வயிற்றில் பூச்சு மாதிரி ஒட்டிக்கொள்ளும் என்று சொல்கிறார்கள், அப்படி எதுவும் ஒட்டாது. வயிறு நிறைய ஒரு சாதாரணச் சாப்பாடு போதும். சோறு, பருப்பு, இரண்டு வேகவைத்த முட்டை, கடைசியில் தயிர். முதல் டம்ளருக்கு முன்னால் இதை உள்ளே அனுப்பிவிட்டால் உங்கள் வேலையில் முக்கால்வாசி முடிந்தது. கிடா வெட்டியதும் ஈரலும் ரத்தப்பொரியலும் முதலில் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். போகட்டும், மிக்சருக்கும் ஊறுகாய்க்கும் அது எவ்வளவோ மேல். உப்பும் காரமும் தாகத்தைக் கிளப்பி அடுத்த டம்ளரை வரவழைக்கும். அவித்த நிலக்கடலை, சுண்டல் ஒரு குண்டான் நிறைய வையுங்கள், பக்கத்திலேயே தண்ணீர்க் குடத்தையும் வையுங்கள்.

படுக்கும்போது மல்லாக்கப் போடாதீர்கள். இடது பக்கம் ஒருக்களித்து, முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை. பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும்.

மறுநாள் காலைக்கு என் ஓட்டு நீராகாரத்துக்கு. அதில் அற்புதம் எதுவும் இருப்பதாகச் சொல்லவரவில்லை. குமட்டுகிற வயிறு சூடும் வாசனையும் எண்ணெயும் இல்லாததைத்தான் ஏற்கும். நீராகாரம் குளிர்ச்சி, தண்ணீர், கொஞ்சம் உப்பு, கையால் பிசைந்துவிட்ட நாலு பருக்கை. இத்தனையும் ஒரே சொம்பில் இருக்கிறது. சின்ன வெங்காயம் அவர் இஷ்டம். மடக்கென்று குடிக்காமல் வாய் வாயாகக் குடிக்கச் சொல்லுங்கள். நீர்மோரும் நல்லதே. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கம்மி, அதனால் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக்கொள்ளலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மட்டும் இளநீர் வேண்டாம். வாந்தி நிற்காவிட்டால் மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கி 1 லிட்டரில் கரையுங்கள். கோயில் காட்டில் கடை கிடைக்காது என்றால் 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

வயிறு அடங்கியதும் இட்லி, இல்லாவிட்டால் மிளகைக் குறைத்துப் போட்ட ரசம் சாதம். ஆட்டுக்கால் சூப்புக்கு மதுரைப் பக்கம் இருக்கிற புகழைக் கெடுக்க எனக்கு மனசில்லை. சுடச்சுட உப்புத் தண்ணீர் என்கிற வகையில் அது நல்லதுதான், காரத்தை மட்டும் குறையுங்கள். முட்டையில் இருக்கும் சிஸ்டீன் என்கிற அமினோ அமிலம் அசிட்டால்டிஹைடை முறிக்கும் என்று எங்கும் எழுதுகிறார்கள். ஆம்லெட் சாப்பிட்ட மனிதருக்கு அது நடந்ததாக ஆதாரம் இல்லை, பசிக்கு நல்லது. பரோட்டா சால்னா அன்று வேண்டவே வேண்டாம்.

ஹேங்ஓவர் என்று நினைத்துப் படுக்க வைக்கக்கூடாத சில உண்டு. உலுக்கினாலும் எழுந்திருக்காமல் இருப்பது, மூச்சு விட்டுவிட்டு வருவது, உதடு நீலமாவது, வலிப்பு, வாந்தியில் ரத்தம் அல்லது காப்பித்தூள் மாதிரி கறுப்பாக வருவது. அப்புறம், கண். குடித்து 12 மணி, 24 மணி நேரம் கழித்துப் பார்வை மங்கினால், பனிமூட்டம் மாதிரி தெரிகிறது என்றால், கூடவே வயிற்று வலியும் மூச்சிரைப்பும் இருந்தால், அது மெத்தனாலாக இருக்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது அதுதான். மெத்தனால் மெதுவாகத்தான் உடைந்து விஷமாகும், அதனால் முதல் சில மணி நேரம் சாதாரண மப்பு மாதிரியே இருக்கும். நேரத்தோடு கொண்டுபோனால் முறிமருந்தும் டயாலிசிஸும் காப்பாற்றும். கிடாவெட்டுக்கு ‘தோட்டத்துச் சரக்கு’ என்று யாராவது கேனில் கொண்டுவந்தால், மாப்பிள்ளை வீட்டாரே ஆனாலும் திருப்பி அனுப்புங்கள்.

கோயிலுக்குக் கட்டுகிற பையில் குளுக்கோமீட்டரைப் போடுங்கள். ஸ்ட்ரிப் டப்பாவில் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். மறுநாள் மதியம்வரை காருக்கு வேறு டிரைவரை இப்போதே சொல்லிவையுங்கள். சாவியை முந்தின நாள் சாயங்காலமே வாங்கி மாமியாரிடம் கொடுத்துவிடுங்கள். உப்புக் கரைக்கிற வேலையை அவரிடமிருந்து பிடுங்கிவிட்டோம், பதிலுக்கு இந்தப் பொறுப்பாவது கொடுக்க வேண்டாமா? அவர் சுருக்குப்பையிலிருந்து சாவியை எடுக்கிற தைரியம் உங்கள் கணவருக்கு இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.